கிளினிக் விரதம்

வீரய்யாவுக்கு எடை தொண்ணூற்றாறு கிலோ. மடுல்சீமைக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் வேறு ஒருவருக்கும் அப்படியொரு உடம்பு கிடையாது. மற்ற ஆம்பளைகள் எல்லாம் நாற்பது வயதிலேயே கன்னம் ஒட்டிப்போய் நடமாட, இந்த மனிதர் ஐம்பத்தேழு வயதில் கழுத்தில் இரண்டு மடிப்பும் முன்னால் ஒரு வயிறுமாக, ஸ்டோருக்குப் போகிற பாதையில் எதிர்ப்படுகிறவர்களை எல்லாம் கேலி பண்ணிக்கொண்டு நடப்பார். ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. அங்கே உலைக்கு விறகு தள்ளுகிற வேலை அவருக்கு. நாள் முழுக்க நெருப்பு முன்னால் நின்றும் உடம்பு கரையவில்லையே என்று கேட்டால், கரைய இது நெய்யாக இருந்தால்தானே, இது கோதுமை மாவு, வேகத்தான் வேகும் என்பார்.

அந்த உடம்புக்கு லயத்து வரிசை வீட்டுப் பொம்பளைகள் வைத்திருந்த காரணம் வேறு. மனதிலே கவலை என்று ஒன்று தங்கினால்தானே உடம்பு இளைக்கும், இவருக்கு எதுவும் தங்குவதில்லை என்பார்கள். அவர் மனைவி இராக்கம்மாவைக் காட்டித்தான் அதை நிரூபிப்பார்கள். அவள் ஒல்லி. சுபாவமும் ஒல்லியானதுதான். யார் மனமும் கோணிவிடக்கூடாது என்று பார்த்துப் பார்த்து நடக்கிறவள். சுவர் ஒட்டின பக்கத்துக் காம்பிராவில் சண்டை நடந்தால் இவளுக்குக் கை நடுங்கும். கங்காணி சும்மா தொண்டையைச் செருமினாலும் தன்னைத்தான் என்று நினைத்துக்கொள்வாள். இப்படிப்பட்டவள் உடம்பில் சதை எப்படி ஒட்டும் என்பது அவர்கள் கேள்வி. ஊரே சேர்ந்து ஒரு தப்பைச் சொன்னால் அது சரி மாதிரியே கேட்கும். அதுதான் இதில் முதல் வினை.

இவ்வளவுக்கும் இராக்கம்மா முன்பு அவ்வளவு ஒல்லி இல்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று கண்டுபிடித்தபோது அவள் எடை அறுபத்தொரு கிலோ. மாதம் ஒரு தடவை டவுன் ஆஸ்பத்திரியில் கிளினிக். முதல்நாள் இராத்திரிச் சாப்பாட்டோடு நிறுத்திவிட்டு, விடிய முதல் பஸ் பிடித்து, வெறும் வயிற்றோடு போய் இரத்தம் குடுக்க வேண்டும். அங்கே டாக்டர் துவாரகா என்று யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளை. வயது முப்பதைத் தாண்டாது. தோட்டத்துச் சனத்தை வரிசையில் நிற்கவைத்து விரட்டுகிற ஆள் அல்ல. உட்காரச் சொல்லி, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். இராக்கம்மாவை வாழ்நாளில் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. அந்தப் பிள்ளை சொன்னதை அவள் வேதமாக எடுத்துக்கொண்டாள். அவர் தந்த குளுசைகளை, சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலத்துக்கு முன்னால் என்றால் அரை மணித்தியாலத்துக்கு முன்னால், மணிக்கூட்டைப் பார்த்துப் போட்டாள்.

போன வருடம் ஆடி மாதம் மாரியம்மன் கோயில் திருவிழா. வீரய்யா வாழையிலையில் ஒரு கட்டி சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். மறுநாள் கிளினிக் என்று அவள் மறுத்தாள். சாமி சோத்துக்கு எந்த டாக்டரும் கணக்குப் பார்ப்பதில்லை, அப்படிப் பார்த்தால் மாரியம்மாள் பார்த்துக்கொள்வாள் என்று சிரித்துச் சிரித்துப் பேசி, தன் கையாலேயே ஊட்டிவிட்டார். அவளுக்கும் ஆசைதான். புருஷன் ஊட்டுகிறார் என்ற ஆசையும் அதில் இருந்தது.

மறுநாள் கிளினிக்கில் சீனி இருநூற்றெண்பது என்று வந்தது. டாக்டர் முகம் மாறிவிட்டது. கோபித்தார் என்று சொல்லமுடியாது. நீங்களே இப்படிச் செய்தால் மற்றவர்களை நான் எப்படிக் கேட்பது என்று மட்டும்தான் சொன்னார். காலையில் ஒன்று என்றிருந்த குளுசையைக் காலையும் மாலையும் இரண்டிரண்டாகக் கூட்டி எழுதினார். பெஞ்சில் இருந்த இருபது பேரும் பார்த்தார்கள். இராக்கம்மா வீட்டுக்கு வந்து முகம் கழுவி, அடுப்பு மூட்டி, வீரய்யாவுக்கு ரொட்டி தட்டிக் கொடுத்தாள். என்ன ஆச்சு என்று அவர் கேட்டதற்கு, டாக்டரம்மா மனசு கஷ்டப்பட்டுட்டாங்க என்றாள். அவர்மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் சிரித்து மழுப்பியிருப்பார். சொல்லாததால் அது அவருக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. கவலையே தங்காது என்று பேர் எடுத்த மனிதர் அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தார். இனி இந்தக் கையால் அவளுக்கு இனிப்பு என்று ஒரு துளி கொடுப்பதில்லை. அதற்குப் பிறகு கல்யாண வீட்டு லட்டைக்கூட வீட்டுக்கு எடுத்துவராமல் வழியிலேயே தின்றுவிட்டு வருவார்.

இராக்கம்மாவும் ஒரு முடிவு எடுத்தாள். அது வீரய்யாவுக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியும்.

கொழுந்து எடுக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தேயிலைச் செடி நிரையில் நின்று அவசரத்தில் பறிக்கும்போது இளங்கொழுந்தோடு முத்தல் இலையும் காம்பும் கலந்து விழும். நிறுக்கிற இடத்துக்குப் போகிற வழியில் ஓரமாகக் குந்தி, கூடைக்குள் கையை விட்டு, மேலாக இருக்கிற முத்தலைப் பொறுக்கி வீசிவிட்டுத்தான் தராசுக்குப் போவார்கள். கணக்கப்பிள்ளை கையைப் போட்டுப் பிரட்டிப் பார்க்கும்போது பச்சைப் பசேல் என்று துளிர் மட்டும் தெரிய வேண்டும். இல்லையென்றால் எல்லோர் முன்னாலும் பேச்சு வாங்க நேரும். இதில் இராக்கம்மா கெட்டிக்காரி. முப்பது வருடத்தில் இலைக்காக ஒரு நாள் பேச்சு வாங்கியதில்லை.

கிளினிக்கையும் அவள் அப்படித்தான் நினைத்துவிட்டாள். கிளினிக்குக்கு மூன்று நாள் முன்னாலேயே சோற்றை நிறுத்தினாள். காலையில் சீனி போடாத தேத்தண்ணி, பகலுக்கும் அதே, பொழுது சாய வெந்நீர். ஆனால் குளுசையை நிறுத்தவில்லை. டாக்டரம்மா எழுதியதை நிறுத்துகிற துணிச்சல் அவளுக்கு ஏது. மணிக்கூட்டைப் பார்த்து இரண்டு குளுசையைப் போடுவாள். அரை மணித்தியாலம் கழித்து வரவேண்டிய சாப்பாடு மட்டும் வராது. வீரய்யா கேட்டால், கதிர்காமத்து முருகனுக்கு விரதம் என்பாள். மாதம் தவறாமல் விரதம் பிடிக்கிற பெண்சாதியை எந்தப் புருஷன் தடுப்பான். ஒனக்கும் சேர்த்து நான் சாப்பிடுறேன், முருகன்கிட்ட சொல்லிடு என்று கேலி செய்துவிட்டு, அவள் பங்கு ரொட்டியையும் எடுத்துத் தின்பார்.

கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற மகள் கலாராணிக்கு மட்டும் ஒருதடவை போனில் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அதுவும் சிரித்துக்கொண்டே.

“நிறுக்கப் போகயில முத்தலப் பொறுக்கிப் போட்டுட்டுத்தான கூடய வைப்போம், அது மாதிரித்தாம்மா. டாக்டரம்மா பாக்குற அன்னைக்குச் சுத்தமா இருக்கணும்ல.”

ஒரு நாள் பட்டினி என்று மகள் நினைத்துக்கொண்டாள். அவளும் பாவம், தையல் லைனில் வேலைக்கு நடுவே நின்றபடி பேசியவள்.

விரதம் பிடித்த முதல் மாதம் சீனி நூற்றுநான்கு வந்தது. அடுத்த மாதம் தொண்ணூற்றெட்டு. எடையும் மாதம் இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று இறங்கியது. டாக்டர் துவாரகாவுக்குச் சந்தோஷம். குளுசை நன்றாகப் பிடிக்கிறது, இப்படியே போடுங்கள் என்றார். ஒருநாள் இராக்கம்மாவை எழுந்து நிற்கச் சொல்லி, பெஞ்சில் இருந்தவர்களிடம் சொன்னார்.

“எல்லாரும் இந்த அம்மாவைப் பாருங்கோ. சொன்னதைச் சொன்னபடி கேக்கிறா. நீங்களும் இப்பிடி இருந்தால் எனக்கு இஞ்ச வேலையே இல்லை.”

அன்றைக்கு வீட்டுக்கு வந்த இராக்கம்மா அந்த வார்த்தையை அதே யாழ்ப்பாணத்து இராகத்தோடு சொல்லிக்காட்டினாள். முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றவள். மலையில் குறை சொல்லத்தான் ஆள் உண்டு, நன்றாகப் பறித்தாய் என்று சொல்ல ஆள் கிடையாது. ஐம்பத்திரண்டு வயதில் முதல்முதலாக ஒருவர் அவளை எழுப்பி நிற்கவைத்து மெச்சியிருக்கிறார். அதற்காக அவள் மூன்று நாள் என்ன, முப்பது நாளும் கிடந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

மலையில் அவளுக்கு இரண்டு மூன்று தடவை கை கால் உதறியது. வேர்த்துக் கொட்டியது. நிரையில் நின்ற பொம்பளைகள், இந்தப் பயந்தாங்கொள்ளிக்கு இன்றைக்கு யார் சத்தம் போட்டார்களோ என்று சிரித்தார்கள். நாற்பத்தேழு கிலோவுக்கு இறங்கிவிட்டாள். கன்னத்து எலும்பு தெரிந்தது. அவள் சுபாவத்துக்கு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். வீரய்யாவும் விட்டுவிட்டார்.

மாசி மாதக் கிளினிக் அன்றைக்கு ஸ்டோரில் உலை பழுதுபார்க்கிற வேலை. வீரய்யாவுக்கு லீவு. நானும் வருகிறேன், உன்னை மெச்சுகிற டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும் என்று அவரும் கிளம்பிவிட்டார். விடிந்தும் விடியாத நேரம். பஸ் நிற்கிற, பாதை வளைகிற முடக்கில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டும் அவருக்குக் குளிர் தாங்கவில்லை. அவளுக்கோ நெற்றியெல்லாம் வேர்வை. ஏறி உட்கார்ந்ததும் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். நிற்கவில்லை.

பாதை மோசம். இரண்டு முடக்குக்கு ஒரு பள்ளம். வீரய்யா வழக்கம்போல் கண்டக்டரோடு வம்பளந்துகொண்டு வந்தார். உங்களுக்கு மட்டும் இரண்டு டிக்கட் வேண்டுமா என்று கண்டக்டர் கேட்க, அரை டிக்கட் பெண்சாதி பக்கத்தில் இருக்கிறாள், கூட்டிக் கழித்தால் சரியாக வரும் என்றார். அப்போதுதான் இராக்கம்மா அவர் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

“வாய மூடுடா. எப்பப் பாத்தாலும் இளிப்பு. ஒனக்கென்ன, தின்னு தின்னு ஒடம்ப வளத்து வச்சிருக்க. எனக்குப் பசிக்குது. முப்பது வருசமா பசிக்குது. ஒரு நாளு கேட்டியா நீ?”

பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவளைத் தெரிந்த இரண்டு பேர், இராக்கம்மாவா இது என்று வாயைப் பிளந்தார்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள், வீரய்யாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. முப்பது வருடம் ஏங்க, ஏங்க என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசாதவள் இன்றைக்கு டா போட்டு ஏசுகிறாள். மெச்சி மெச்சி அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைத்தார். ஏசு, நல்லா ஏசு, சேத்து வச்சதெல்லாம் ஏசிப்புடு என்று அவளுக்குத் தோளைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சீனி ஒரேயடியாக இறங்கிவிட்டால் மனுஷருடைய சுபாவமே புரண்டுவிடும் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்.

பசறையில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. டவுனில் தையல் கடை வைத்திருக்கும் ஸல்மா என்ற பெண் அங்கே ஏறி எதிர்சீட்டில் உட்கார்ந்தார். இராக்கம்மா ஏசுவதை விட்டிருந்தாள். நாக்கு தடித்தமாதிரிப் பேச்சு குழறியது. கண் ஓரிடத்தில் நிற்கவில்லை.

“ஏங்க,” என்றாள் மெதுவாக. “இனிப்பா ஏதாச்சும் குடுங்களேன்.”

வீரய்யாவுக்கு ஆடி மாதத்துப் பொங்கல் ஞாபகம் வந்தது. இரத்தம் குடுக்கிற வரைக்கும் பொறுத்துக்கொள், அதற்குப் பிறகு கடையில் இடியப்பம் வாங்கித் தருகிறேன் என்று பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். அவள் மறுபடியும் கேட்டாள். எதிரே இருந்த ஸல்மா அவள் முகத்தையே பார்த்துவிட்டு, கைப்பையைத் திறந்து ஒரு டொபி மிட்டாயை எடுத்து நீட்டினார்.

“வேணாங்க,” என்றார் வீரய்யா. “அவளுக்குச் சீனி வருத்தம். ஒரு சொட்டும் ஆகாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க.”

“எங்கட வாப்பாவுக்கும் சீனிதான். எறங்கினாலும் இப்பிடித்தான் வேர்க்கும். இத வாயில போடுங்க, ஒண்டும் ஆகாது.”

இராக்கம்மா கையை நீட்டினாள். வீரய்யா அந்தக் கையைப் பிடித்து, தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். முரட்டுத்தனமாக அல்ல. அவ்வளவு அன்போடு அவர் அவள் கையைப் பிடித்து வெகுகாலம் இருக்கும். டாக்டர் சொல்லை ஒருநாளும் மதிக்காத மனிதர், வாயைக் கட்டாத மனிதர், அன்றைக்கு மட்டும் டாக்டர் சொன்னதைச் சொன்னபடி கேட்டார். இன்றைக்கும் அவள் கிளினிக்கிலிருந்து தலைகுனிந்து வரக்கூடாது என்பதுதான் அவர் மனதில் இருந்தது. ஸல்மா இன்னும் ஒருதடவை சொல்லிப் பார்த்துவிட்டு, கட்டியவரே வேண்டாம் என்றால் நான் என்ன செய்ய என்று டொபியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அவள் தலை அவர் தோளில் சாய்ந்தது. தூங்குகிறாள் என்று அவர் அசையாமல் இருந்தார். குளிராமல் இருக்கத் தன் சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டார். முக்கால் மணித்தியாலம் அப்படியே கூட்டிக்கொண்டு போனார். டவுன் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிய பிறகு எழுப்பினார். அவள் எழும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்தபோது சீனி இருபத்திரண்டு. கையில் குளுக்கோஸ் ஊசி ஏற்றினார்கள். டாக்டர் துவாரகா கிளினிக்கை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். கடைசியாக எப்போது சாப்பிட்டா என்று கேட்டார். விரதங்க, மூணு நாளாச்சு, மாசாமாசம் கிளினிக்குக்கு முன்னாடி பிடிப்பா என்றார் வீரய்யா. குளிசை போட்டவவோ என்று டாக்டர் கேட்டார். தவறாமப் போட்டா, மணி பாத்துப் போட்டா என்று கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னார். டாக்டர் கிளினிக் கொப்பியைப் பிரித்து, தான் எழுதிய நூற்றுநான்கையும் தொண்ணூற்றெட்டையும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுவரோடு இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

எட்டாம் நாள் இராக்கம்மா கண் விழித்தாள். உயிர் வந்துவிட்டது என்று வீரய்யா கதிர்காமத்துத் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். ஆனால் வந்தது பழைய இராக்கம்மா அல்ல. மூளைக்குப் போகவேண்டிய சீனி போகாமல் நின்ற நேரத்தில், அவளுடைய பயம், கூச்சம், அடக்கம் எல்லாமும் போய்விட்டன. நினைப்பும் பாதி போய்விட்டது. ஒருநாள் மகளைத் தெரியும், மறுநாள் தெரியாது. மிஞ்சியது பசி ஒன்றுதான்.

இப்போது அவளுக்கு எடை எழுபத்திரண்டு கிலோ. காலையில் எழுந்ததிலிருந்து சோறு சோறு என்று கேட்பாள். தாமதித்தால் பீங்கானைத் தூக்கி எறிவாள். அடுத்த காம்பிராவுக்குள் நுழைந்து சட்டியைத் திறந்து பார்ப்பாள். பார்க்கிற சனம் இன்னும் பழைய பாட்டைத்தான் பாடுகிறது. கவலை விட்டுப்போனதும் உடம்பில் எப்படிச் சதை போட்டிருக்கிறது பாருங்கள், நல்லாத் தேறிவிட்டாள் என்கிறார்கள். வீரய்யா எழுபத்தெட்டுக்கு இறங்கிவிட்டார். வேலையை மகன்முறையான ஒருவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கிறார். குரக்கன், அதாவது கேழ்வரகு, ரொட்டியைத் துண்டு துண்டாக நறுக்கி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதடவை ஊட்டுகிறார். போனில் மணி வைத்து இன்சுலின் ஊசி போடுகிறார். வாசலில் நின்று வம்பளக்கிற வீரய்யாவை இப்போது ஒருவரும் பார்ப்பதில்லை.

டொபி விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடமும் சொல்லவில்லை. டாக்டர் துவாரகா, குளுசையைக் கூட்டியது தான்தான், உடம்பு இளைத்ததைப் பார்த்தும் கேட்காமல் விட்டது தான்தான் என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் குரல் தாழ்த்திப் பேசும்போது, இவர் தலையைக் குனிந்துகொள்வார். போன மாதம் அதற்குமேல் அவரால் முடியவில்லை. இராக்கம்மாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே தனியாகப் போனார். பஸ்ஸில் நடந்ததை முதலிலிருந்து சொன்னார். கையை எப்படிப் பிடித்தார் என்பதைத் தன் கையாலேயே பிடித்துக் காட்டினார்.

“அத அன்னைக்குக் குடுத்திருந்தா என்னங்க ஆகியிருக்கும்?”

டாக்டர் மேசையில் இருந்த கொப்பியை மூடிவைத்தார். பொய் சொல்லலாமா என்று யோசித்திருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அது பாவம் ஆகாது. ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பொய் வரவில்லை.

“அந்த நேரம் வாயில போட்டு விழுங்கியிருந்தா, தெளிஞ்சிருப்பா ஐயா. அநேகமாத் தெளிஞ்சிருப்பா.”

வீரய்யா தலையை ஆட்டினார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். டாக்டர் பின்னாலேயே வாசல்வரை வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை.

பெஞ்சில் இராக்கம்மா பக்கத்தில் இருந்தவரின் பையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பசி நேரம். கன்டீனில் ஒரு பன் வாங்கி, டாக்டர் சொல்லியிருந்தபடி பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். மூன்று வாயில் அது தீர்ந்தது. மீதிப் பாதியைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவர் தயங்கியதைக் கண்டதும் வழக்கம்போல் சத்தம் போடுவாள் என்று நினைத்தார். போடவில்லை. அன்றைக்கு அவளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. வேற்று மனிதரிடம் பேசுகிற மரியாதையோடு, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்.

“பரவாயில்லங்க. எங்க வீட்டுக்காரரு இப்ப வந்துருவாரு. நான் கேட்டா அவரு இல்லேன்னு சொல்லமாட்டாரு.”

“ஆமாம்மா,” என்றார் வீரய்யா. “குடுப்பாரு.”